ஆறாவது வாரம்

போன ஜூனில்
பரதராமி தாண்டி, செக்போஸ்ட் தாண்டி
கூழ் ஆலை வாசலில் என் லோடு நின்றது.
மேனேஜர் ஒரு பெங்களூராவை எடுத்தார்.
அழகான பழம்; வளைந்த மூக்கு, மஞ்சள் ஏறிய தோள்.
பேனாக்கத்தியால் கீறினார்.
உள்ளே நொய்யரிசி நொய்யரிசியாய்
நெளிந்தது என் குத்தகைப் பணம்.
"திருப்பி எடுத்துட்டுப் போம்மா."
லாரி வாடகை போகவும் வரவும் என் தலையில்.

தோலின் மேல் ஒரு புள்ளி இருந்திருக்கிறது.
ஊசி போட்ட இடத்தில் நிற்குமே, அவ்வளவுதான்.
அதன் வாயில் ஒரு சொட்டுப் பிசின்.
பறிக்கும்போதே பார்த்தேன்.
வெயில் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் பங்குனியிலேயே தொடங்கிவிட்டேன்.
குடியாத்தத்தில் கட்டில் செய்கிற தனகோட்டி
கழிவு பிளைவுட்டைத் தீப்பெட்டி அளவில் அறுத்துத் தந்தான்.
எதற்கென்று கேட்டான். சொன்னேன்.
சிரித்துக்கொண்டே ஐந்து கட்டை கூடப் போட்டான்.
தோட்டக்கலை ஆபீசில் சொன்ன மருந்தில்
மூன்று நாள் ஊறியது மரம்.
கிராம்பும் துளசியும் கலந்த வாசனை,
அடியில் விஷம்.
கையுறை போட்டும் விரலில் ஏறிவிட்டது.
அன்றைக்குச் சோற்றைக் கரண்டியால் தின்றேன்.

மூன்று ஏக்கர். முப்பது டப்பா.
தோள் உயரத்தில், நிழல் விழும் கிளையில்.

வருவது ஆண் ஈ மட்டும்.
பெண்ணென்று நம்பி வருகிறதா,
பெண்ணைப் பார்க்கப் போகுமுன் பூசிக்கொள்ள வருகிறதா,
ஆபீசரும் தெளிவாகச் சொல்லவில்லை.
வருகிறது. திரும்புவதில்லை.
பழத்தைக் குத்துகிற ஊசியோ பெண்ணிடம்.
"செய்றது அவ, சாவறது இவனா?
உலக வழக்கத்துக்குத் தலைகீழா இருக்கே"
என்றார் வீட்டுக்காரர்.
ஒரு தடவையாவது இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை தோறும் டப்பாவைக் கவிழ்த்து
முறத்தில் கொட்டி எண்ணுவேன்.
நடுத்தோப்பில் முப்பது, நாற்பது.
வேலியோரத்தில் மட்டும் இருநூற்றுக்கு மேல்;
எண்ண அலுத்து ஆழாக்கில் அளந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜபருல்லா தோப்பு.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிறு மட்டும் வருவான்.
காற்றுக்கு உதிர்ந்த செந்தூரா
அவன் மண்ணில் அழுகி, அவன் மண்ணில் புழுவாகி
என் பக்கம் சிறகு முளைத்து வந்தது.
கிணற்று முறைத் தண்ணீர் தகராறில்
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினேன்.
பதில் வந்தது:
"என் தோப்பு ஈ என் தோப்புலதான் இருக்கு."

சித்திரையில் ஒரு ராத்திரி
முள்கம்பியைக் காலால் மிதித்துக் குனிந்து போனேன்.
தனகோட்டியின் ஐந்து கட்டை, ஐந்து டப்பா,
அவன் மரத்தில் கட்டினேன்.
புடவை ஒரு முழம் கிழிந்தது.
எடுத்தால் திருட்டு.
வைத்துவிட்டு வந்தால் என்ன பேர்?
குடியாத்தம் ஸ்டேஷனில் அதற்கு எந்தப் பிரிவில் எழுதுவார்கள்?

ஆறு வாரத்தில் கட்டையின் வாசனை இளைக்கும்; மாற்ற வேண்டும்.
ஆறாவது வாரம் புதுக் கட்டையோடு மறுபடி குனிந்தேன்.

டாப்பாக்களில் ஒரு ஈ இல்லை.
மருந்து செத்துவிட்டதோ என்று முகர்ந்தேன்.
இல்லை, யாரோ கொட்டித் துடைத்திருக்கிறார்கள்.
ஒன்றில் என் சணல் அறுந்து போய்
அந்த இடத்தில் கறுப்பு ஷூ லேஸ்,
இரட்டை முடிச்சு.
மரத்தடியில் உதிர்ந்த பழம் ஒன்றுகூட இல்லை.
மூலையில் ஒரு குழி, மேலே புது மண்,
மண்ணில் பூட்ஸ் தடம்.

கட்டையை மாற்றிவிட்டு நேராக நடந்து
அவன் கேட் வழியாகவே வெளியே வந்தேன்.

ஞாயிறன்று டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தான்.
திரும்பாமலே கேட்டான்:
"வேலியோரம் எத்தினி?"
"பன்னெண்டு."
"எனக்குப் பதினேழு," என்றான்,
ஏதோ ஜெயித்தவன் போல.

கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.
நாளைக்கு முதல் லோடு.
இன்றைக்கே ஒரு பழத்தை நானே கீறிப் பார்த்தேன்.
பிறகு இன்னொன்றை.
பிறகு இன்னொன்றை.