பீஸ் கேரியர்

மேலூர் செக்‌ஷன். பதினோரு வருஷமாகக்
கம்பம் ஏறுகிறேன்.
கெடு தாண்டிய வீட்டுக்கு
நான்தான் போய்ப் பீஸைப் பிடுங்குவேன்.
மழையில் அறுந்தால் அதே கையால் கட்டுவேன்.
நாவினிப்பட்டிப் பக்கம் என்னைப் பார்த்தால்
நாய்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும்,
வாலாட்டவா குரைக்கவா என்று.

ஆவணியில் பையன் பிறந்தான்.
வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும்
ஒரே உறைக்குள்.

"கிரகணத்தன்னைக்குத் தையல் மிஷினை மிதிச்சாள்ல"
என்றது அண்ணன் வீடு.
சோலைமணி ஒன்றும் சொல்லவில்லை.
மடியில் பிள்ளை, முட்டியில் அட்டை,
பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தாள்களை
சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு வயசு ஆகட்டும் என்றார்கள். ஆனது.
பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
பிள்ளையை உள்ளே தூக்கிப்போன பிறகு
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வரைந்தாள்.
முதலில் துடுப்பு மாதிரி ஒரு கை.

"எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான்.
நடுவுல இருக்கிற செல் சாகணும்.
செத்தாத்தான் விரல்."

பிறகு அவரைவிதை மாதிரி ஒன்று,
உள்ளே மடிப்பு மடிப்பாக. மைட்டோகாண்ட்ரியா.
"செல்லுக்குக் கரண்ட் இங்கதான்.
மடிப்போரமா ஒருத்தன், சைட்டோகுரோம் சி.
எலக்ட்ரானைக் கைமாத்தி விடுறது அவன் வேலை, ராப்பகலா.
நேரம் வந்தா வெளிச்சுவர் ஓட்டை விடும்.
இவன் இறங்கி வெளியே வருவான்.
அவ்வளவுதான், வெட்டுற நொதியெல்லாம் முழிச்சுக்கும்.
வீக்கம் இல்லை, சீழ் இல்லை.
மிச்சத்தைப் பக்கத்துச் செல் தின்னு முடிச்சிரும்."

லைன் பார்க்கிறவனேவா?
"லைன் பார்க்கிறவனேதான்."

நம்ம பிள்ளைக்கு?
"இந்த ஒரு சந்துல மட்டும்
யாரும் இறங்கி வரலை. ஏன்னு தெரியாது."

சருகுவலையபட்டியில் ஒரு வீடு.
மூன்று தடவை போயும்
பிடுங்காமல் திரும்பியிருக்கிறேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

விளக்குகள் ஒரு கணம் அணைந்து
கீழே ஜெனரேட்டர் உறுமியது.
என் கை தானாக இடுப்பில் பிளையரைத் தேடியது.

"இது அம்மா வழியில மட்டும்தான் வரும்,"
பேனாவை மூடினாள்.
"உங்க வீட்டுக்கு இதுல பங்கு கிடையாது."
சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று
என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான்.
புதுச் சந்தில் தையல் தடம்,
தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல்,
நிறம் சேரவில்லை.

மற்ற சந்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன்.
வழவழவென்று இருந்தன.
அங்கே யாரும் இருந்ததாகவே தெரியவில்லை.