முட்டைக்காரியின் பிரேக்

செவ்வாயும் வெள்ளியும்
முப்பது டஜன் முட்டையோடு
உஸ்பஷாதாவிலிருந்து மெந்தோசாவுக்கு இறங்குவேன்.
அந்த மலைப்பாதையின் வளைவுகளை
எண்ணிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.
நான் எண்ணியதில்லை.
என் வலது கெண்டைக்கால் எண்ணியிருக்கிறது,
இடதைவிட இரண்டு விரல் பருத்துப்போய்.

அறுபத்தாறாம் வருடத்து ஃபால்கன்.
நான்கு சக்கரத்திலும் டிரம்.
பாதி மலையிலேயே சூடேறிவிடும்.
மிதித்தால் பெடல் கீழே போகும்,
போய்க்கொண்டே இருக்கும்,
கடன் கேட்டுப் போன வீட்டில்
"இருங்க, வந்துடறேன்" என்று
உள்ளே போனவரைப் போல.

ஆகவே வளைவு கண்ணில் படுமுன்னே மிதித்தேன்.
முழு பலத்தோடு, இரண்டு கையாலும்
ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.
தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி
பாறை நிழலில் மாத்தே உறிஞ்சுவேன்,
சக்கரங்கள் ஆறும்வரை.
பத்தொன்பது வருடம் இப்படி.

மார்ச்சில் பின்சக்கர ஹோஸ் வெடித்தது.
நான்குக்கும் ஒரே எண்ணெய்வழி;
ஒன்று போனால் எல்லாம் போச்சு.
ஹேண்ட்பிரேக்கும் ஒரு சரளைக்கல் மேடும்
என்னை நிறுத்தின.
கதவிடுக்கில் சொட்டிய மஞ்சளை
ஒரு நரி வந்து நக்கியது, அவசரமே இல்லாமல்.
கை நடுக்கம் நிற்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூஹானில் பழைய இரும்புக்காரனிடம்
எழுபத்தெட்டு ஃபால்கன் ஒன்று கிடந்தது,
பின்பக்கம் லாரி ஏறியது போல், முன்பக்கம் பொன்னாக.
இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பர்,
இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர்,
அச்சுமுனையோடு எல்லாம் கழற்றினேன்.
விலை, ஒரு சினைக்குதிரை.
வீட்டுக்கு வந்து மாட்டினால்
பழைய பதிமூன்று இஞ்ச் ரிம் காலிப்பரில் இடிக்கிறது.
மறுபடி லூஹான். மறுபடி பணம்.

எல்லாம் தனியாகவே முடித்தேன்.
குழாயிலிருந்து காற்றெடுக்க மட்டும்
இரண்டு பேர் வேண்டும்.
அறுவடைக்குப் போன ஊரில் ஆள் ஏது?

வேலிக்கு அந்தப்பக்கம் எவாரிஸ்தோ.
ஒரே வயிற்றில் பிறந்தவன்.
வாய்க்கால் தண்ணீர் முறையில்
அரைமணி நேரத்துக்காக
ஆறு வருடம் பேச்சில்லை.

மூன்று நாள் கட்டைமேல் நின்ற வண்டியைப் பார்த்திருப்பான்.
வேலி தாண்டி வந்தான்.
வணக்கம் கிடையாது.
கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தான்.
நான் வண்டிக்கடியில், கையில் ஸ்பேனர்,
ஜாம் பாட்டிலுக்குள் ஒரு கண்ணாடிக்குழாய்.

தூரத்துச் சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும்.
மிதி.
பிடி.
குமிழிகள், குமிழிகள்.
விடு.
மிதி.
"மிதிச்சாச்சு" என்றான்.
பிடி.
"பிடிச்சிருக்கேன்டி."
அந்த 'டி' எங்கிருந்து வந்ததென்று
அவனுக்கும் தெரிந்திருக்காது.

நாலாவது சக்கரத்தில் குமிழி நின்றது.
இறங்கியவன், "கல்லு மாதிரி இருக்கு" என்றான்.
கை கழுவ வாய்க்கால்வரை போய்
குனிந்தவன் நிமிர்ந்தான்.
அன்று தண்ணீர் என் முறை.
திரும்பி வந்து துணி கேட்டான்.

வெள்ளிக்கிழமை, முதல் வளைவு.
என் பழைய கால்
தன் பழைய பலத்தையெல்லாம் கொண்டு மிதித்தது.
வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது.
முட்டைகள் நிற்கவில்லை.
பதினொரு டஜன்.
பிடரியில் ஒன்று, காலருக்குள் வழுக்கிக்கொண்டு.
கேட்க யாருமில்லாத மலையில்
அம்மாவுக்குத் தெரியாத கெட்டவார்த்தைகளைச் சொன்னேன்.
பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறேன்.
கட்டைவிரலால் தொட்டாலே போதுமென்று
காலுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.
வளைவுக்கு முன்னால் தொடை தானாக இறுகும்.
அதட்டுவேன்.

விரிசல் விட்டவற்றை ஒரு பாத்திரத்தில் போட்டு
வேலிக்கம்பத்தின்மேல் வைத்திருந்தேன்.
காலையில் பாத்திரம் இருந்தது,
கழுவிக் கவிழ்த்து.

பின்சக்கரங்களில் இன்னும் டிரம்தான்.
அவசரமில்லை.