எட்டின் இடது பாதி

கையோடு கொண்டுபோனது ஒரு குச்சி.
மூன்றேகால் அடி.
வலையங்குளத்தில் என் மல்லிகைச் செடிகளின் நடுவே
இருபக்கமும் தூர் உரசாமல் படுக்கவைத்து
அளந்து வெட்டியது.
டயருக்கு டயர் அதற்குள் அடங்கினால் மேற்கொண்டு பேச்சு,
இல்லையென்றால் செக்கானூரணியில்
ஒரு டீ, அடுத்த பஸ்.

அடங்கியது.
ஒரு விரற்கடை மிச்சம்கூட.

"ஜப்பான் வண்டித்தா" என்றார் தரகர் ஒச்சப்பன்.
முகப்பில் பெயர் இல்லை.
பெயர் இருந்த இடத்தில் ரிவெட் ஓட்டைகள் நான்கு,
மூக்குத்தி கழற்றி நாளான மூக்கைப்போலத்
தூர்ந்தும் தூராமலும்.
எட்டணாக் காசால் சுரண்டினேன்.
நீலம். அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் ஆரஞ்சு, அதுதான் பிறந்த நிறமாக இருக்கும்;
போல்ட்டுகளின் இடுக்கில்
வேறெந்த நிறமும் எட்டாத இடத்தில்
அது மட்டும்தான் இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் வருடம் எழுதிய மூலையைச்
செல் அரித்திருந்தது.
என்ஜின் எண் பிழைத்திருந்தது. கடைசி இலக்கம் எட்டு.
டீசல் பம்புக்குக் கீழே மண்ணெண்ணெய்த் துணியால்
துடைத்துத் துடைத்துப் பார்த்தால்
இரும்பில் கடைசி இலக்கம் மூன்று.

"எழுதுனவன் கண்ணாடி போடலத்தா."
"வண்டி எதுன்னு வண்டிக்காவது தெரியுமா?"
"அதுக்கு என்னத்தா தெரியும், டீசலத் தவிர."

பர்ஸில் திருப்பரங்குன்றத்து விபூதிப் பொட்டலம் இருந்தது.
எண்ணின் மேல் அப்பி
உள்ளங்கையால் மேலோடு வழித்தேன்.
பள்ளத்தில் தங்கியது வெள்ளை.
மூன்றுக்கு இடப்பக்கம்
துரு தின்றது போக, மயிரிழையாய்
எட்டின் மறுபாதி.
ஒச்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆறு மாசமாத் தொடல" என்றார் வண்டிக்காரர் குருவையா.
வழித்த கை அப்படியே என்ஜின் தலையில் இருந்தது.
சூடு.
வெயில் இல்லை. தகரக் கொட்டகை, காலை ஒன்பது மணி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை வேம்படிக்கு இழுத்துப் போட்டு
"ஆறட்டும்" என்றேன்.

அந்தப் பொய் ஆற இரண்டு மணி நேரமானது.
அதற்குள் ஒரு வெள்ளாட்டுக்குட்டி சீட்டில் ஏறி நின்று
எங்களையெல்லாம் மேற்பார்வை பார்த்தது.
பூக்கடைக் கமிஷன்காரர் போனில்
கிலோ முந்நூற்று எண்பது என்றார், மதியம் இறங்கும் என்றார்.
குருவையா என் பக்கம் திரும்பவே இல்லை;
ஏற்கெனவே இறுகிய நட்டு ஒன்றை
இறுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை: க்ளக்.
இரண்டாவது: க்ளக், ஒரு பெருமூச்சு.
மூன்றாவதில் ஆடு குதித்து ஓடியது.
நான்காவதில்
சபைநடுவே பேச எழுந்த கூச்சக்காரனைப்போல
இருமி, வெள்ளையாய் இருமி, கறுப்பாய் இருமி,
பிறகு ஒரே சீராகத் தன் பாட்டுக்குப் பேசத் தொடங்கியது.
"காலையில ஒருவாட்டி ஓட்டிப் பாத்தேன்" என்றார் குருவையா,
"நீங்க வந்த நேரம் எடுக்காமப் போயிட்டா..."
அந்தச் சத்தத்தில்
மிச்சம் கேட்கவில்லை.

ஒச்சப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.
மாட்டுச் சந்தைக் கை அது,
துணிக்கடியில் விரல் பிடித்தே விலை முடித்த கை.
என் கையைப் பார்த்தார்,
வளையலைப் பார்த்தார்,
துண்டு மறுபடி தோளுக்குப் போனது.
நான் பானெட் தூசியில் விரலால் எழுதினேன்:
70.
குருவையா வந்து நின்றார்.
சைபரை அழித்துவிட்டு
நிதானமாக, சுழி சுழித்து
ஒரு எட்டுப் போட்டார்.
நான் அதன் இடது பாதியைத் துடைத்தேன்.

முதலில் சிரித்தது யாரென்று ஞாபகமில்லை.

குட்டியானையில் ஏற்றிக் கட்டி
கப்பலூர் சுங்கச்சாவடியில் நின்றபோது
ரசீதுப் பையன் எட்டிப் பார்த்தான்.
காற்றுக்குக் கலையாத தூசி.
"எழுபத்து மூணு மாடலாக்கா?"

ஆமாம் தம்பி என்றேன்.
இருக்கலாம்.