கால் என்ன சொல்லுது

வவுனியா ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை
குண்டூசி ஒன்றை எடுத்தா.
"குத்துதா அம்மா, தொடுதா?"
இடக்கையில் குத்தினது.
வலக்கையில் தொட்டது,
பேனை மூடியோ நகமோ, ஏதோ ஒன்று.
முகத்தில் மட்டும் மாறி இருந்தது:
வலக்கன்னத்தில் ஊசி, இடக்கன்னத்தில் ஊசி இல்லை.

மூளைத்தண்டில் உளுந்தளவு இடம்
இரத்தம் போகாமல் செத்துப்போச்சாம்.
நரம்புகள் அங்கே ஒன்றை ஒன்று தாண்டிப் போகுதாம்.
"மாங்குளம் சந்தி மாதிரியோ?" என்று கேட்டன்.
அவ சிரிக்கேல்லை.
எனக்கு நாலாம் நாளும் விக்கல் நிற்கேல்லை.

வீட்டுக்கு வந்து முதல் முழுக்கு.
இடப்பக்கம் நடுங்கினது.
வலப்பக்கம் பாரம் மட்டும் வழிந்து போனது,
குளிரைக் கிணற்றுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்த தண்ணி.

கடையைத் திறந்த அன்று
கேத்தில் வயிற்றில் வலக்கை.
மணம்தான் முதலில் வந்தது,
என்னில் இருந்துதான் என்று பிந்தித்தான் விளங்கினது.
இப்ப அடுப்புக்கு இடது, காசுக்கு வலது.
பத்து ரூபாக் குத்தியின் விளிம்பு தெரியும்,
அது வெயிலில் கிடந்ததா என்பது தெரியாது.

வலக் கெண்டைக்காலில் ஒரு துண்டு இருக்கு.
ஒன்பதாம் ஆண்டு மாசியில் வந்தது,
எடுத்தால் கால் போகும் என்று விட்டது.
ஐப்பசியில் காற்றுத் திரும்ப முதலே கடிக்கத் தொடங்கும்.
விதைப்புக்கு முதல் பனிக்கன்குளத்து ஆட்கள் வருவினம்,
ரேடியோவை நம்பாத ஆட்கள்.
"மலர், கால் என்ன சொல்லுது?"
பதினைந்து வருசத்தில் இரண்டு தரம்தான் பிழைத்தது.

நேற்று நகுலேந்திரத்தார்,
விதைநெல் மூட்டை லாண்ட்மாஸ்டரில், எஞ்சினை நிப்பாட்டாமல்.
குனிந்து இடக்கையால் தடவிப் பார்த்தன்.
இருக்கு. பயறளவு, அதே இடம், கொஞ்சம் உருளும்.
அமத்தினன். இன்னும் அமத்தினன்.
எத்தனை இரவு கேட்டிருப்பன், இது நிற்கட்டும் என்று.
யாரோ காது கொடுத்துவிட்டு
அளவு தெரியாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கினம்.

"ஒன்றும் சொல்லேல்லை அண்ணை."
"அப்ப மழை இல்லை" என்று மெசினைத் திருப்பினார்.
கூப்பிட்டன். பாதிக் குரல்தான் வந்தது,
மற்றப் பாதியும் அந்த உளுந்தோட போனது.

விடியப் பிடித்த மழை இன்னும் விடேல்லை.
வாசலில் இரண்டு கையையும் நீட்டிப் பார்க்கிறன்:
ஒன்றில் மழை,
மற்றதில் எண்ணிக்கை.

சந்தியில் அந்த எஞ்சின் சத்தம்.
இரண்டு பிளேன்ரீ ஊற்றிவிட்டு
ஆறிப்போச்சோ என்று பார்க்கிறன்,
உதட்டின் வலப்பக்கத்தால்.