உச்சுக்கொட்டும் ஆறு

எங்கள் ஆற்றின் பெயரைத் தமிழில் எழுத முடியாது.
முதலில் ஒரு மூக்கொலி. பிறகு
மேற்பல்லின் பின்னே நாக்கை ஒட்டிச்
சடக்கென்று பிடுங்க வேண்டும்.
மிச்சம் 'ஆண்டு'. அது சுலபம்,
யார் யாரோ ஆண்டு போன ஊர்தானே.

இருநூற்று நாற்பத்தேழில்
நடுவில் வரும் அந்த ஒலிக்கு எழுத்தில்லை.
ஆனால் வாய்க்குப் புதிதுமில்லை:
கவிழ்ந்த பால்செம்பைப் பார்த்து,
இழவு வீட்டில் குழந்தையின் தலையைத் தடவி
உச்சுக் கொட்டுவோமே, அதேதான்.
நாம் பரிதாபத்துக்கு வைத்திருந்ததை
சூலுக்காரர்கள் தண்ணீருக்கு வைத்தார்கள்.

நியூகாசில் என்கிறது பெயர்ப்பலகை.
இந்தப் பக்கமே வராத ஒரு பிரபுவின் பெயராம்.
கரி பிறகுதான் கிடைத்தது.
இரவல் சட்டை அளவாக இருந்துவிட்டதுபோல்
பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் வாசிப்பவள்.
பதினேழு வருடமாக
இரும்பு மூடியை நெம்பி, தவளையை விலக்கி,
கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
ஊரை எண்ணெண்ணாகப் படிக்கிறேன்.

லெனாக்ஸ்டனில்
புரட்டாசிக்கு முந்தின வாரம் எண் எகிறும்:
கவுச்சிச் சட்டிகளைத் தேய்த்துப் பரணில் ஏற்றுகிறார்கள்.
மேட்டுத் தெருவில் நீச்சல்குளம் உள்ள வீடு,
கணவன் போனபின் ஒரே எண்ணில் நிற்கிறது.
மடடேனியில் மூன்று நாள் குழாயில் வெறும் காற்று.
காற்றுக்கும் மீட்டர் சுற்றும்.
பில் வரும்.

அலுவலக நிலவறையில் ஈரம் துடைக்கப் போனபோது
ஒரு சுரங்கக் கம்பெனியின் பேரேடு அகப்பட்டது.
எல்லப்பன். வயது இருபத்திரண்டு.
இடது புருவத்தில் அம்மைத் தழும்பு.
பக்கத்தில் சிவப்பு மை:
அக்டோபர் 1913, வேலைக்கு வரவில்லை.

வரவில்லைதான்.
எல்லை தாண்டி வந்த பெண்கள்
சுரங்கத்து லயங்களில் நின்று பேசினார்கள்,
தலைக்கு மூன்று பவுன் வரியைப் பற்றி.
அன்றைக்குக் கரி பூமிக்குள்ளேயே இருந்தது.
ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி,
கொஞ்சம் சர்க்கரை,
மலைக்கணவாய்க்கு நேராக நடை.
எல்லப்பன் எவ்வளவு தூரம் போனான்,
திரும்பினானா, யாரோடு,
பேரேட்டில் இல்லை.
அவர்களுடைய மீட்டர் அதோடு நின்றுவிட்டது.

பிறகு எஃகு ஆலை.
இரவில் எங்கள் வானம் ஆரஞ்சு நிறம்;
நட்சத்திரம் பார்க்க டண்டீ சாலையில் பாதி தூரம் போக வேண்டும்.
தேவசிகாமணியை அந்த வெளிச்சத்தில்தான் கட்டிக்கொண்டேன்.
இருபத்தாறு வருடம் உலையடியில் நின்ற மனிதர்.
மூடப்போகிறோம் என்றார்கள்,
இல்லை என்றார்கள்,
ஆறு மாதம் கழித்து ஆகட்டும் என்றார்கள்.
இப்போது வீட்டில் இருக்கிறார்.
தேநீர் ஆறிவிட்டது என்று சண்டை போடுகிறார்,
கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும்.

ஜனவரியில் ஆறு பாலத்தின் மேல் ஏறியது.
மூன்றாம் நாள் நானும் நோம்வூலாவும்
பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினோம்.
(மழையோடு பிறந்தவள் என்று பெயருக்குப் பொருள்.
அன்று யாரும் அதைச் சொல்லிக் கேலி செய்யவில்லை.)
மீட்டர் கண்ணாடிக்குள் கறுப்பு வண்டல்.
எந்தச் சுரங்கத்திலிருந்து கழுவி வந்ததோ,
எந்த வருடத்துக் கரியோ.
வாசிக்க முடியாவிட்டால் சராசரி எழுது
என்பது விதி.
நாற்பது வீட்டுக்குச் சராசரி எழுதினேன்.
ஒரு வீட்டில் சுவர் மட்டும் இருந்தது.
அதற்கும் எழுதிவிட்டு
பிறகு அடித்தேன்.

பாலத்தில் நின்றோம்.
கீழே ஒரு குளிர்பெட்டி, கதவு திறந்தபடி,
மெதுவாகச் சுழன்று போய்க்கொண்டிருந்தது.
நோம்வூலா ஆற்றைப் பார்த்து நாக்கைச் சுண்டினாள்.

யாருக்காக உச்சுக் கொட்டுகிறாய்
என்று கேட்டேன்.

நானா? என்றாள்,
அதன் பெயரைச் சொன்னேன்.