எல்லாரையும் இடப்பக்கம்

மாலை ஐந்தேகால்.
உள்துறைமுக வீதிக் கந்தோரில்
டொக்கிலிருந்து வயரைக் கழற்றுகிறேன்.
டுங்.
பெரிய திரைகள் இரண்டும் கறுக்கின்றன.
கப்பல் அட்டவணை, சீனக்குடாவில் இறங்கிய கோதுமைக் கணக்கு,
இழுவைப்படகு வாடகை, பாதி எழுதிய மின்னஞ்சல்
எல்லாம் பதின்நான்கு அங்குலத்துக்குள் வந்து விழுகின்றன,
கிண்ணியாவுக்குப் போகிற கடைசி பஸ்ஸில் போல
ஒன்றின் மடியில் ஒன்று.

எழுத்துகள் ஒருநாள் யானை, ஒருநாள் எறும்பு.
இன்றைக்கு எறும்பு.
மூக்கு முட்டக் குனிந்து
'சரக்கு' என்று வாசித்தது 'சறுக்கு' என்றிருந்தது.

பஸ்லான் வந்து பார்த்தான்.
டிரைவரை அழித்து, திரும்பப் போட்டான்.
நூறு வீதம் காணாது, நூற்றைம்பது கூடிப்போச்சு,
நூற்றிருபத்தைந்தில் விடுவம் என்றான்
கறிக்கு உப்புப் பார்க்கிறவன் மாதிரி.
மத்தியானம் வரை சரியாக இருந்தது.
பிறகு வலது திரை இடதானது.
வலப்புறம் தள்ளிய அம்பு
இடப்புறச் சுவரிலிருந்து இறங்கி வந்தது.

பைலட் ரணவீர தேத்தண்ணிக் கோப்பையோடு
என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"இருநூறு மீற்றர் கப்பலை
நான் ஒரே தரத்தில் கட்டுறன், தங்கச்சி.
உங்களுக்கு ஒரு வயர்."
உங்கள் கப்பல்
கட்டினதும் பாதியாகச் சுருங்குவதில்லையே, ஐயா.
அவர் சிரித்ததில் தேத்தண்ணி
விசைப்பலகையில் ஒரு துளி.

பஸ் நிலையத்தடியில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன.
லப்டொப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறேன்,
கடிக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

பாலையூற்று. இரவு ஒன்பதரை.
கைபேசி திருத்தக் கொடுத்தாயிற்று. நாளைக்கு நாளைக்கு என்கிறான்.
பேர்கனிலிருந்து நிரூபா அழைக்கிறாள்,
மணி லப்டொப்பில் அடிக்கிறது.
எடுக்கிறேன்.
குரல் வருகிறது. ஆள் இல்லை.
வெறும் நீலம்.
"தெரியுதா அக்கா? தெரியுதா?
கண்ணத் திறந்திட்டான், பார், பார்."

இப்போது விளங்குகிறது.
பகல் முழுக்க வலது திரையில் வைத்திருந்த அந்தப் பெட்டி
இன்னும் அங்கேதான் திறந்திருக்கிறது.
ஆறு கிலோமீற்றருக்கு அப்பால்
பூட்டிய கந்தோரில், அணைந்த கண்ணாடியில்,
என் மேசை விளிம்பிலிருந்து ஒரு முழம் வலப்பக்கம்
எங்கள் வீட்டின் முதல் பிள்ளை
ஒருவருக்கும் தெரியாமல்
கண் விழித்திருக்கிறான்.

"தெரியுது," என்கிறேன்.
"ஆரப்போல?"
"உன்னைப்போல."
பொய்க்கு ஒரு வாய் எச்சில் விழுங்கியபடி
பஸ்லான் சொன்னதை நினைவுபடுத்துகிறேன்.
ஓல்ட்டை அமத்தி ஸ்பேஸ், பிறகு எம்,
பிறகு இடது அம்பு. விடாமல்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
திரையின் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு.
கட்டிலின் கம்பி. ஒரு துவாய்.
நிரூபாவின் முழங்கை, அதில் ஊசி போட்ட பஞ்சு.
பிறகு ஒரு காது,
நூற்றிருபத்தைந்து வீதக் காது,
ரோமத்தோடு, பிசுக்கோடு, அச்சொட்டாய் அப்பாவின் காது.

முகம் வந்து சேர்ந்தபோது அவன் நித்திரை.
"போச்சு," என்றாள் நிரூபா,
"ஆனா நீதான் பாத்திட்டியே."
ஓமோம் என்றேன்.
அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பற்றறி பதினொரு வீதத்துக்கு வரும்வரை.

காலையில் கந்தோர்.
மார்க்கரால் எழுதி
டொக்கின் நெற்றியில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன்:
கழற்றமுன் எல்லாரையும் இடப்பக்கம் இழு.

பஸ்லான் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"மிஸ், 'எல்லாரையும்' எண்டு போட்டிருக்கிறீங்க.
'எல்லாத்தையும்' எண்டெல்லோ வரவேணும்?"

தெரியும் என்றேன்.
வயரைச் சொருகினேன்.
டுங்.