கேபினில் சீனி

மருந்தக ஜன்னலில் மலையாளத்து சிஸ்டர்
அட்டையைப் பார்த்து வாசிக்கிறாள்:
சீனி முகம்மது, சீனி இருநூற்று எண்பது.
பின்னால் நிற்கிறவன்வரை சிரிக்கிறான்.
வாப்பா ஆசையாய் வைத்த பேர்,
நான் என்ன செய்ய.

சொஹார் துறைமுகத்தில் பதினோரு வருஷம்
ஆறு மாடி உயரத்தில் உட்கார்ந்து
பெட்டி தூக்குகிறேன்.
உடம்புக்குள் ஒன்று ஏறி இறங்குவதை மட்டும்
எந்த நெம்புகோலும் கேட்பதில்லை.

அறையில் ஐந்து பேருக்கு ஒரே குண்டான்.
இந்த வாரம் ஏழுமலை முறை.
அவன் கரண்டிக்கு மூன்றாவது "போதும்"தான் காதில் விழும்.
டேங் டப்பா மூடியால் சோறு அளக்கிறேன்,
இரண்டு மூடி.
"பூனைக்காண்ணே?" என்கிறான்.
குபூஸை நாலாய்க் கிழித்தால்
கால் எனக்கு, முக்கால் செபஸ்தியானுக்கு.
என் பத்தியத்தில் அவன் பெருத்துவிட்டான்.

கரக் கடையில்தான் தோற்றேன்.
அங்கே தேயிலையும் பாலும் சீனியும்
ஒன்றாய்க் கொதித்து ஒன்றாய் வருகின்றன.
பிரித்துக் கொடுக்க ஆள் இன்னும் பிறக்கவில்லை.
"சின்னக் கோப்பை" என்றேன்.
இரண்டு சின்னக் கோப்பை.

ரத்தம் பார்க்கிற பட்டைக்கு
ரியால் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.
எனவே நல்ல எண் வரும் என்று தோன்றுகிற நாளில் மட்டும்
விரலைக் குத்துகிறேன்.
கெட்ட நாட்களுக்குச் சாட்சி கிடையாது.

புதன்கிழமை மாலை கிளினிக் என்றார்கள்.
சிஸ்டர் சிரிக்காத எண் ஒன்று வேண்டும் எனக்கு.
காலை மாத்திரையைப் போட்டேன்,
ஓட்ஸ் கஞ்சியைத் தள்ளினேன்,
மதியச் சோற்றை
மூடியோடு ஏழுமலைக்கே விட்டேன்.

மூன்று மணி.
ஏசி ஓடுகிறது, சட்டை நனைகிறது.
கீழே லாரி, நடுவில் நாற்பதடிப் பெட்டி,
மேலே நான்.
லாரியின் கூரை இரண்டாய்த் தெரிந்தது.
எதன் மேல் இறக்க?

கை நடுங்குவதைக் கை பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியை வெறும் தரையில் வைத்தேன்.
எப்படி வைத்தேன் என்று
இப்போது கேட்டாலும் தெரியாது.
ரேடியோவில் ஹமூத் என்னென்னவோ கத்துகிறார்.
போன வாரம் அவர் தோட்டத்துப் பேரீச்சை கொடுத்தார்.
"வேண்டாம், சுகர்" என்று
கையெடுத்துக் கும்பிடாத குறை.
கேளாமல் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்று.
இரண்டாவதை மென்றதாய் ஞாபகம் இல்லை.
மூன்றாவதில்தான் ருசி தெரிந்தது,
லாரிக்கு ஒரே கூரை என்பதும்.

கிளினிக்கில் விரலை நீட்டுமுன்
எல்லாவற்றையும் சொன்னேன்.
சிஸ்டர் சிரிக்கவில்லை.
"சேட்டா, பட்டினி கிடக்கச் சொன்னது யாரு?"
என்று அதட்டினாள்.
மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று
அட்டையில் சிவப்பில் எழுதி
இரண்டு கோடு போட்டாள்.

இரவு மெஹருன்னிசா போனில்
எப்போதும் கேட்பதைக் கேட்டாள்:
சாப்பிட்டாச்சா?
எப்போதும் சொல்வது வாய்வரை வந்தது.
சட்டைப் பையில் பேரீச்சங்கொட்டைகள்
விரலில் பட்டன.
இல்லை என்றேன்.
அவள் போனை வைக்கவில்லை.
ஏழுமலை தட்டில் போடுகிற சத்தம்
அவளுக்கும் கேட்டிருக்கும்:
இரண்டு மூடி,
அப்புறம், நான் சொல்லாமலே,
கீரை.